அந்தச் சொல் இருந்த கோப்புகள்

கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால், பள்ளிக்கூடப் பைகள் விற்கிற ஒரு கடை இருந்தது. அதன் மேல்மாடியில் என்னுடைய அச்சு வேலைக் கடை. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கணினி, இரண்டு பிரிண்டர், மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை, அந்த மூலைக்கென்று ஒரு வாளி. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், டியூஷன் வினாத்தாள் என்று தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக் கொடுப்போம். கல்யாணக் கார்டுக்கு வருகிறவர்கள் ஒரு பூவை இடம் மாற்றச் சொல்லி நாலு தரம் மாடியேறுவார்கள். மரண அறிவித்தலுக்கு வருகிறவர்கள் ஒருமுறைதான் வருவார்கள். அதனால் எனக்கு இரண்டாவதுதான் வசதி என்று வாய்விட்டுச் சொல்லி, வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கடையில் இரண்டே பேர். நானும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒருவரும். சண்டை மறுபடி மூண்ட வருஷத்தில் ஏதோ பயிற்சி வகுப்புக்காகக் கண்டிக்கு வந்தவர். வகுப்பை முடித்துக்கொண்டு திரும்புவதற்குள் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். மனைவியும் சின்ன மகளும் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். என்னைவிடச் சில வயது இளையவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார், இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வோம்.

மஹய்யாவயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லேனில் ஓர் அறை எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள் மஹய்யாவயில் அறை எடுப்பது குறைவு. எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாக மாநகரசபையில் கூட்டிப் பெருக்கிக் கண்டியைக் கண்டியாக வைத்திருப்பவர்கள். எங்களோடு ஒட்டிக் குடியிருக்க அவர்களில் சிலருக்குக் கொஞ்சம் கூச்சம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லி அவரைச் சீண்டினேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பழகினார், என் வாய்க்கும் பழகினார்.

அவர் வந்த பிறகுதான் கடைக்கு லினக்ஸ் என்ற இயங்குதளம் வந்தது. அதற்கு முன்பு, வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாம் வைரஸ். வாரத்துக்கொருமுறை கணினி படுத்துக்கொள்ளும், நான் அதை உதைக்காத குறை. அவர் ஒரு கணினியை முழுதாகத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டார். எழுத்துருக்கள், அகராதிகள், படம் வெட்டுகிற மென்பொருள், பக்கம் கட்டுகிற மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அதில் எனக்கொரு பயனர் கணக்கு, அவருக்கொரு கணக்கு. நான் உண்டாக்கும் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் உரியவர் என்று என் பெயர் நிற்கும். அவருடையதற்கு அவர் பெயர். நாங்கள் குடியிருந்த வீட்டுக்கே எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் கிடையாது. அதனாலோ என்னவோ, அந்தப் பெயரை நான் அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

அந்த இயங்குதளத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குள் எந்த மென்பொருள் வந்தாலும் அதன் பெயர், அது எதற்கானது, எதை நம்பி ஓடுகிறது என்பதையெல்லாம் ஒரே ஒரு பெரிய கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைப் போடுவதானாலும், பழையதை எடுப்பதானாலும் முதலில் அந்தக் கோப்பைத்தான் பார்க்கும். அந்தக் கோப்பு போனால் மென்பொருள்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், ஓடும். ஆனால் தன்னிடம் என்ன இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாமல் போய்விடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

அந்த நாட்களில் டவுனில் ஒரு பேச்சு அடிபட்டது. ஊரைச் சுற்றிவளைத்துச் சோதனை போட வருகிற பொலிஸ்காரர்கள் இப்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் மட்டும் பார்ப்பதில்லை, கணினியையும் திறந்து பார்க்கிறார்கள் என்று. தமிழில் ஏதாவது கண்ணில் பட்டால் இது என்ன என்று கேட்பார்களாம். தமிழ் வாசிக்கத் தெரியாதவனுக்குக் கோயில் நோட்டீஸும் ஒன்றுதான், வேறெதுவும் ஒன்றுதான். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்த ஊர். சிங்களத்தில் சண்டை போடவும் வரும், கெஞ்சவும் வரும். தம்பிக்கு இரண்டும் வராது.

ஒருநாள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டுக்குக் கல்யாணக் கார்ட் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பிவந்து மாடியேறினால் மனிதர் வெறும் மேசையின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

“அக்கா, எல்லாத்தையும் துப்பரவாக்கிப்போட்டன். இனி ஆர் வந்து பாத்தாலும் ஒண்டும் இல்லை.”

என்ன செய்தார் என்று கேட்டதில், மஹய்யாவயில் நாளைக்கோ மறுநாளோ சுற்றிவளைப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே கணினியின் முன்னால் உட்கார்ந்து, தமிழ் என்ற சொல் எந்தெந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று தேடச் சொல்லி, அகப்பட்ட கோப்பையெல்லாம் அழிக்கச் சொல்லி ஒரே வரியில் கட்டளை போட்டிருக்கிறார். சொல்லைத் தமிழ் எழுத்திலும் கொடுத்திருக்கிறார், ஆங்கில எழுத்திலும் கொடுத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருடைய கோப்புகள் இருக்கும் இடத்தில் மட்டுமல்ல. பிரிண்டருக்குப் போன வேலைகளின் மிச்சமும் கணினி தன் பாட்டில் எழுதிவைக்கிற குறிப்புகளும் இருக்கும் இடத்திலும் தேடியிருக்கிறார். கடையை நடத்துகிற மென்பொருள்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவைத்தாராம். அந்தளவுக்கு நிதானம் இருந்திருக்கிறது.

பாதி அடித்திருந்த கோயில் நோட்டீஸ் போயிருந்தது. தமிழ்ப் பாட வினாத்தாள் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குடையை மேசையில் போட்டேன். “தமிழ் நோட்டீஸ் அடிக்கிற கடையில தமிழ்னு ஒரு சொல் இருக்கக் கூடாதா தம்பி? பேசாம என்னையும் சேத்து அழிச்சிருக்கலாமே.”

அவர் மேசையில் கிடந்த என் நெற்றிப்பொட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஒட்டுப்பொட்டு, எப்போதும் பக்கத்தில் கிடக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மேற்கொண்டு கத்த வரவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. டவுனில் புகை தெரிந்ததும் அம்மா என்னைப் பிடித்து இழுத்து, சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து நெற்றியைத் தேய்தேய் என்று தேய்த்தாள். அதோடு நிற்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த முருகன் படத்தைக் கிழித்தாள், சுவரிலிருந்த காலண்டரை எடுத்து அடுப்பில் போட்டாள், அப்பாவின் சட்டைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைச் சாக்கடைக் கானில் கொட்டினாள். படம் ஒட்டியிருந்த இடத்தில் கதவு வேறு நிறமாகத் தெரிந்தது. வருகிறவன் அதைப் பார்த்தால் போதாதா, இங்கே ஒன்று இருந்தது என்று தெரிந்துவிடாதா என்று எனக்கு அப்போதே தோன்றியது. அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் லேனுக்குள் அன்றைக்கு யாரும் வரவில்லை. ஆனால் நெற்றியில் தோல் உரிந்து ஒரு வாரம் எரிந்தது.

அதனால் அவரிடம், போனது போகட்டும், நோட்டீஸைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். வீட்டுக்குப் போகும்போது கணினியை அப்படியே விட்டுவிட்டுத் திரையை மட்டும் அணைத்தோம். அவர் கட்டளை போட்ட கறுப்பு ஜன்னல் திறந்தபடியே கிடந்தது. எல்லாவற்றையும் துடைத்தவர் அதை மூட மறந்துவிட்டார்.

மறுநாள் விடியும்போது சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் பாதைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். எங்கள் ஆட்களில் பலரைப் பொலிசுக்கே முகம் தெரியும், அவர்கள் கூட்டுகிற தெருதானே. மத்தியானத்துக்குள் அநேகமாக எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்தது, அது போதுமாக இருந்தது.

பின்னேரம் கடைக்கு வந்தார்கள். சீருடையில் இரண்டு பேர், சாதாரண உடுப்பில் ஓர் இளைஞன். அந்த இளைஞனுக்குக் கணினி தெரிந்திருந்தது. திரையைப் போட்டான். கறுப்பு ஜன்னலைப் பார்த்ததும் கதிரையை இழுத்து உட்கார்ந்து, மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினான். முந்திய நாள் கட்டளை அப்படியே வந்து நின்றது. தமிழ் என்ற சொல், தேடு, அழி. வேறு விளக்கம் தேவையே இல்லை. அவன் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தான். தேடி வந்தது கிடைத்துவிட்டது என்ற பார்வை.

கைப்பேசியில் திரையைப் படம் எடுத்துக்கொண்டான். மற்றக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டளை இருந்த இந்தக் கணினியை ஏன் விட்டுப்போனார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த நாட்களில் எதற்குத்தான் காரணம் இருந்தது.

கீழே பைக்கடை முதலாளி சிங்களவர், கட்டடமும் அவருடையதுதான். அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். டவுனுக்கு வெளியே ஒரு நிலையம், எது என்று சொல்ல வேண்டாம். தம்பியைப் பார்க்க விடவில்லை. பொறுப்பாக இருந்த அதிகாரி முதலாளிக்குக் கதிரை கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. ஒன்றும் இல்லாதவன் எதற்கு அழிப்பான் என்று கேட்டார். நான் கடை வேலைகளைச் சொன்னேன். நோட்டீஸை அழிக்கிறவன் இப்படி வியர்ப்பானா என்றார். கடைசியில், போகச் சொல்வதற்காகவோ கேலியாகவோ தெரியாது, அழித்தது என்னவென்று நீங்களே கொண்டுவந்து காட்டுங்கள், பிறகு பேசுவோம் என்றார்.

அதிகாரி அதை மறந்திருப்பார். நான் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை.

நோட்டீஸையும் வினாத்தாளையும் காட்டுவது சுலபம், வாடிக்கையாளர்களிடம் பிரதி இருந்தது. ஆனால் கறுப்பு ஜன்னலில் அவருடைய கட்டளைக்குக் கீழே, அழிந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடியிருந்தன. அதில் எனக்குத் தெரியாத ஒரு பெரிய கோப்பும் இருந்தது. வேறு ஒன்றைச் செய்யப்போனபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. ஒரு மென்பொருளைப் போடச் சொன்னேன், பதிவுக் கோப்பைக் காணவில்லை என்று கணினி நின்றுவிட்டது. கோப்பு இல்லையென்றால் உண்டாக்கிவிட்டால் போயிற்று என்று அதே பெயரில் வெறும் கோப்பு ஒன்றை வைத்தேன். இப்போது கணினி பேசியது. என்ன பேசியது தெரியுமா, தன்னிடம் ஒரு மென்பொருளும் இல்லை என்றது. நான் தட்டிக்கொண்டிருந்த மென்பொருளின் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். அதுவும் இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, பதிவில் இல்லாததால் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. கணினிக்காக அழவில்லை. நாங்கள் இந்த நாட்டில் இருந்துகொண்டே, குடியுரிமைப் பதிவில் இல்லையென்று எழுதப்பட்டிருந்த காலத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்குப் பழங்கதையாக இருந்தது.

இணையத்தில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் கூடும் ஓர் இடம் உண்டு. தம்பி அங்கேதான் சந்தேகம் கேட்பார். என் உடைந்த ஆங்கிலத்தில் நடந்ததை எழுதினேன், பொலிஸ் விஷயத்தைத் தவிர. முதலில் வந்த ஆள், இப்படி ஒரு கட்டளையை எந்த மூளையுள்ளவன் போடுவான் என்று கேட்டிருந்தார். எங்கள் ஊர் மூளை வேறு மாதிரி என்று பதில் எழுத ஆசையாக இருந்தது, எழுதவில்லை. இரண்டாவதாக வந்தவர், எந்தத் தேசத்தவரோ, ஒரே வரியில் உதவினார். கணினி அந்தப் பதிவுக் கோப்பின் பழைய பிரதிகளை இன்னோர் இடத்தில் தானாகவே சேர்த்து வைக்கும், போய்ப் பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தேன். மிகப் புதிய பிரதி அங்கேயும் அழிந்திருந்தது. அதற்குள்ளும் அந்தச் சொல் இருந்திருக்கும்தானே. ஆனால் அதற்கு முந்திய பிரதிகள் இருந்தன. இடத்தை மிச்சம் பிடிக்கக் கணினி அவற்றைச் சுருக்கி வைத்திருந்தது. சுருக்கிய கோப்பைத் திறக்காமல் தேடினால் உள்ளே இருக்கும் சொல் தெரியாது. தம்பியின் தேடல் அவற்றைக் கடந்து போயிருந்தது. விரித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. எந்த மென்பொருள், எதற்கானது, எதை நம்பி ஓடுகிறது, வரிவரியாக. அதை எடுத்துப்போய் உரிய இடத்தில் வைத்ததும் கணினிக்குத் தன் நினைவு திரும்பிவிட்டது.

முழுதாகத் திரும்பவில்லை. அந்தப் பிரதி எடுத்த பிறகு ஏதாவது புதிதாகப் போட்டிருந்தால் அது பதிவில் இருக்காது. அதிகாரி நிச்சயம் கேட்பார், இவ்வளவுதானா என்று. இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்ல வேண்டும் எனக்கு. ஒவ்வொரு மென்பொருளும் வரும்போது தன்னைப் பற்றிய விளக்கத்தைத் தன் பெயரிலேயே ஒரு கோப்புறையில் வைத்துவிடும். அந்தக் கோப்புறைகள் அவர் தொடாமல் விட்ட பக்கத்தில் இருந்தன. கோப்புறைகளின் பெயர்களையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தேன். ஒரே ஒரு பெயர் மிஞ்சியது, கூடவே அதற்குத் துணையாக வந்த சில்லறைகள். திறந்து பார்த்தால், அது சின்னப் பிள்ளைகள் படம் வரைகிற மென்பொருள். பெரிய பெரிய பொத்தான்கள், தூரிகை, முத்திரைகள், தொட்டால் சத்தம். கடையில் பிள்ளைகள் யாரும் இல்லை. மனைவியையும் மகளையும் கப்பலில் இங்கே எடுக்கப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வேண்டியதை மட்டும் தாளில் எடுத்துக்கொண்டு மறுபடி முதலாளியோடு போனேன். அங்கே சிங்களத்தில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். இடையில் ஒரு வரியில் விரல் வைத்து இது என்ன என்றார். நாட்காட்டி என்றேன். இது? சீட்டு விளையாட்டு. இதில் தமிழ் எங்கே என்றார். அதற்கென்றே கோடு போட்டு வைத்திருந்த இடங்களைக் காட்டினேன். தமிழ் எழுத்துரு. தமிழ் அகராதி. தமிழில் மொழிபெயர்த்த பட்டியல். அந்தச் சொல் ஒரு வரியில் வந்தாலும் முழுக் கோப்பும் போய்விடும் என்று விளக்கினேன். அவர் விரல் தமிழ் எழுத்துருவுக்கு மேலே போய் நின்றது. அங்கே சிங்கள எழுத்துரு இருந்தது.

“இதையும் அழித்தானா?”

“இரண்டும் ஒரே கோப்பில் இருந்தது சேர். அதனால் அதுவும் போனது.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது, சிரிப்பு என்றும் சொல்லலாம். இவ்வளவுதானா என்று கேட்டார். கடைசியில் மிஞ்சிய அந்த ஒன்றையும் காட்டினேன். சின்னப் பிள்ளைகள் படம் வரைவதற்கு என்றேன்.

“அவனுக்குப் பிள்ளை இருக்கிறதா?”

“ஒரு மகள். யாழ்ப்பாணத்தில். வந்தால் விளையாடட்டும் என்று போட்டிருக்கிறார்.”

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். இதில் ஒன்றுமே இல்லையே, பிறகு எதற்காக இதை அழித்தான் என்று கேட்டார். இந்த முறை மிரட்டிக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். என்ன செய்யலாம், எவ்வளவு கோபம் வந்தாலும் எனக்கு அது புரிந்தது. அந்த மனிதருடைய அம்மா எதையும் எச்சில் தொட்டு அழித்திருக்க மாட்டாள்.

“தமிழ் என்று இருந்ததால்தான் சேர். வேறு காரணமே இல்லை.”

அவர் தாள்களை மேசையோரம் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாக, காலையிலேயே அவனைக் கொழும்புக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். நான் சொன்னதை மேலே அறிவிப்பதாகச் சொன்னார். திரும்பி வெளியே போகும்போது எனக்கும் ஒரு கதிரை கிடந்ததைக் கவனித்தேன். எப்போது போட்டார்கள் என்று தெரியாது, நான் உட்காரவில்லை.

அவர் அறிவித்தாரா, அறிவித்ததில் ஏதாவது நடந்ததா, ஒன்றும் தெரியாது. மாதங்கள் போயின. தம்பியின் மனைவி எப்படியோ கடை இலக்கத்தைக் கண்டுபிடித்து அழைத்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். முழுதையும் கேட்டாள். பிறகு, “அக்கா, அவர் சாப்பிட்டவரோ எண்டு மட்டும் ஆரிட்டயாவது கேட்டுச் சொல்லுங்கோ” என்றாள். யாரிடம் கேட்பது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்குச் சாப்பிட வாங்கி வைத்திருந்த பாண் அப்படியே காய்ந்தது. பைக்கடை முதலாளியும் ஒருநாள் மேலே வந்து, நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமலே வேறு இடம் பார்க்கச் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. பொலிசுக்கு என்னோடு வந்தவர் அவர் ஒருவர்தான். கணினியைத் தூக்கிக்கொண்டு மஹய்யாவயில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

அங்கேதான் ஒரு காலை தம்பி வந்தார். விட்டுவிட்டார்கள். பாதி ஆள்தான் திரும்பி வந்திருந்தார். கூடவே மனைவி, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மகள். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து வந்திருந்தார்கள். அன்றைக்கே கொழும்புக்குப் போகிறோம் என்றார், அங்கிருந்து வெளிநாடு. எந்த நாடு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா உள்ளே சோறு வைத்தாள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கோப்பையைப் பிடிக்க அவர் இரண்டு கையையும் பாவித்தார்.

நான் கணினியைப் போட்டேன். எல்லாம் திரும்ப வந்துவிட்டது தம்பி, ஒன்றுகூடக் குறையவில்லை, நீங்கள் கடைசியாகப் போட்டதையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருடைய கணக்கைத் திறந்து அந்தப் படம் வரைகிற மென்பொருளைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். அதைப் போட்டதே அவருக்கு மறந்திருந்தது. மகளைத் தூக்கிக் கதிரையில் உட்கார வைத்தோம். முதலில் தொடப் பயந்தாள். சத்தம் கேட்டதும் சிரித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் வரையத் தொடங்கினாள். ஒரு வீடு, அதற்குப் பெரிய கதவு, கதவு முழுக்கச் சிவப்பு. நான் அதைச் சேமித்து வைத்தேன்.

சாப்பிட்டு முடிந்து, மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, என்ர பேரை இதில இருந்து எடுத்துவிடுங்கோ.”

எதற்கு என்று கேட்டேன்.

“கிடந்தா ஆரும் வந்து உங்களைக் கேப்பினம். நான் இஞ்ச இருந்ததா இருக்கக் கூடாது.”

எடுக்க மாட்டேன் என்றேன். இவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்த கணினியில் உங்கள் பெயரை நானே அழிப்பதா என்று சண்டை பிடித்தேன். அவர் தானே செய்யலாம் என்று விசைப்பலகைப் பக்கம் கையை நீட்டினார். கை நடுங்கி எழுத்து மாறி மாறி விழுந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் கட்டளையை நான் அடித்தேன். கோப்புகள் கிடக்கட்டும், பெயரை மட்டும் எடு என்று. ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அந்தப் படம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சிவப்புக் கதவு வைத்த வீடு, மகள் வரைந்தபடியே. பக்கத்தில் உரியவர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் எண் ஒன்று நின்றது. கணக்கை எடுத்துவிட்டால் கணினி அப்படித்தான் காட்டும், யாரோ ஒருவருடையது என்று மட்டும் அதற்குத் தெரியும். அவர் போன நாட்டிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. போய்ச் சேர்ந்தார்களா என்றும் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ கணினி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தை, உரியவர் மாறிவிடாதபடி, அந்த எண்ணோடேயே கொண்டுபோகிறேன்.